வெள்ளிக்கிழமை வந்த வல்லவன்

வெற்றிலையை நூறு நூறாக அடுக்கினால் ஒரு கவுளி. 104 கவுளி சேர்ந்தால் ஒரு சுமை. எங்கள் பரமத்தி வேலூர்ப் பக்கம் கொடிக்கால் வீட்டுப் பிள்ளைகள் வாய்ப்பாடு படிக்கும் முன்பே கற்றுக்கொள்கிற கணக்கு இது. இலை கிள்ளி, அடுக்கி, சுமை கட்டி முடிக்கையில் பொழுது சாய்ந்திருக்கும். அன்றைக்கு வெள்ளிக்கிழமையாக இருந்தால், அந்த நேரத்துக்குச் சரியாக ரோட்டில் தப்பட்டைச் சத்தம் கேட்கும். மாட்டு வண்டியின் இரண்டு பக்கமும் தட்டி கட்டி, போஸ்டர் ஒட்டி, ஒருவர் தப்பட்டை அடிக்க, இன்னொருவர் நோட்டீஸை அள்ளி வீசிக்கொண்டே போவார். மஞ்சளும் ரோஸுமாகப் பறந்த அந்தத் தாள்களுக்காக வாய்க்கால் கரையில் ஓடியவர்களில் நானும் ஒருவன்.

"என்ன படமுங்க அப்புச்சி?"

"செய்சங்கரு படம் கண்ணு. துப்பாக்கிப் படம்."

அப்புச்சிக்கு, அதாவது அம்மாவின் அப்பாவுக்கு, எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் தெரியும். ஆனால் கோட்டும் சூட்டும் போட்டு, நெற்றியில் முடி விழ, ரிவால்வரை நீட்டிக்கொண்டு நின்ற அந்த ஆளை அடையாளம் காண அவருக்கு எழுத்து தேவைப்படவில்லை. வாள் வீசியவர்கள் ராஜாக்கள். வசனம் பேசியவர்கள் பெரிய மனிதர்கள். பட்டணத்துக் கல்லூரிப் பையன்போலச் சிரித்துக்கொண்டே வந்து, நாலு பேரை அடித்துப் போட்டுவிட்டு, கோட்டைத் தட்டிக்கொண்டு போகிறவர் என்றால் அது ஜெய்சங்கர்.

அவருடைய முதல் படம் வெளியாகி 60 ஆண்டுகள் கடந்துவிட்டன. அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் சென்னையிலிருந்து தொடங்கிச் சென்னையிலேயே முடித்துவிடுகிறார்கள். சண்டைப்பட நாயகனாக அவரை வார்த்தெடுத்தது எங்கள் சேலம் ஜில்லா என்று சொல்வதற்காகவே இந்தக் கட்டுரை. நாமக்கல் தனி மாவட்டமானது 1997-இல்தான். அதுவரை பரமத்தி வேலூரும் திருச்செங்கோடும் ராசிபுரமும் சேலம் ஜில்லாவாகத்தான் இருந்தன.

1965 ஜனவரி 14. பொங்கல். எம்.ஜி.ஆர். இரட்டை வேடத்தில் நடித்த 'எங்க வீட்டுப் பிள்ளை' அன்று வெளியானது. சிவாஜியின் 'பழநி'யும் அதே நாள். இந்த இரண்டு மலைகளுக்கு நடுவில் மூன்றாவதாக ஒரு புதுமுகத்தின் படம் கொட்டகைக்கு வந்தது. ஜோசப் தளியத் இயக்கிய 'இரவும் பகலும்'. நாடக மேடையில் நடித்துக்கொண்டிருந்த சங்கர் என்ற இளைஞருக்குப் பெயருக்கு முன்னால் 'ஜெய்' சேர்த்துக் கொடுத்தவர் தளியத்தான். வில்லனாக மிரட்டிக்கொண்டிருந்த அசோகன் சொந்தக் குரலில் பாடியதும் இந்தப் படத்தில்தான். அப்படிப்பட்ட பொங்கலில் ஒரு புதுமுகத்தின் படம் இருந்த இடம் தெரியாமல் போயிருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். போகவில்லை. அந்த வருஷமே 'பஞ்சவர்ணக்கிளி'யில் இரட்டை வேடம், 'நீ' படத்தில் ஜெயலலிதாவுக்கு ஜோடி, ஏவி.எம்.மின் 'குழந்தையும் தெய்வமும்'. கடைசியாகச் சொன்ன படம் தமிழின் சிறந்த படமாகத் தேசிய விருதும் பெற்றது. பிரிந்த பெற்றோரை இரட்டைக் குழந்தைகள் சேர்த்து வைக்கிற கதை. ஜெய்சங்கர் அதில் அப்பா வேடம். முதல் வருஷத்திலேயே அப்பாவாக நடிக்க ஒப்புக்கொண்ட நாயகன்!

அந்தப் பாதையிலேயே போயிருந்தால் அவர் நல்ல குடும்பக் கதை நாயகனாக நிலைத்திருப்பார். அவரைத் திருப்பிவிட்டது சேலம்.

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையில் இருந்த மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கிய டி.ஆர். சுந்தரம் எங்கள் பக்கத்துக்காரர். அவர் பெயரின் முதலெழுத்து திருச்செங்கோடு. இங்கிலாந்தின் லீட்ஸில் நெசவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்தவர், மில் கட்டாமல் ஸ்டூடியோ கட்டினார். 1937-இல் 'சதி அகல்யா' எடுத்தார். 1938-இல் மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' அவர் தயாரித்தது. ஒரே மதிலுக்குள் படப்பிடிப்புத் தளம், லேப், எழுத்தாளர்களுக்கு மாதச் சம்பளம், எல்லாவற்றுக்கும் நேரக் கட்டுப்பாடு. மில் படித்தவர் மில்லைப் போலவே சினிமாவையும் நடத்தினார்.

தமிழ்ச் சண்டைப் படத்தின் வம்சாவளியை எழுதினால் பாதி அந்த மதிலுக்குள்தான் இருக்கும். பி.யு. சின்னப்பா இரட்டை வேடத்தில் வாள் வீசிய 'உத்தம புத்திரன்' 1940-இல் அங்கே உருவானது. கலைஞர் கருணாநிதி வசனத்தில் எம்.ஜி.ஆரைத் தூக்கி நிறுத்திய 'மந்திரி குமாரி' 1950-இல். தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-இல்.

1963-இல் சுந்தரம் காலமானார். நிறுவனம் மகன் ராமசுந்தரம் கைக்கு வந்தது. பெரிய நட்சத்திரங்கள் எல்லோரும் சென்னையில். அவர்களுடைய கால்ஷீட்டும் சம்பளமும் சேலத்துக்கு எட்டாத உயரத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. ராஜா ராணிக் கதைகளும் ஓய்ந்துவிட்டன. 1962-இல் தொடங்கிய ஜேம்ஸ் பாண்ட் படங்கள் உலகம் முழுக்கப் பரவிவிட்டன. இங்கே கல்கண்டு பத்திரிகை வழியாகத் தமிழ்வாணனின் துப்பறியும் சங்கர்லால் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்திருந்தார். கோட்டு போட்ட தமிழ்த் துப்பறிவாளனைப் பார்க்கிற ஆசை ஜனங்களிடம் இருந்தது, படமெடுக்கிற தளம் சேலத்தில் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு முகம் மட்டும் தேவைப்பட்டது.

1966-இல் 'இரு வல்லவர்கள்', அதே ஆண்டில் 'வல்லவன் ஒருவன்', 1970-இல் 'சி.ஐ.டி. சங்கர்'. இந்த மூன்று மாடர்ன் தியேட்டர்ஸ் படங்கள்தான் ஜெய்சங்கரைத் தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட் ஆக்கின. மூன்றுக்கும் இசை வேதா. இந்தி மெட்டுகளைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் என்று அவரைச் சிலர் குறைத்துப் பேசுவார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. எதிரியின் கூடாரத்தில் நடக்கும் நடனத்துக்கு, இருட்டில் நகரும் காலடிக்கு என்ன சத்தம் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தச் சத்தத்தோடு எல்.ஆர். ஈஸ்வரியின் குரலும் சேர்ந்தால் தரை டிக்கெட்டில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகூட எழுந்து உட்காரும்.

'இரு வல்லவர்க'ளில் இன்னொரு வல்லவர் யார் தெரியுமா? ஆர்.எஸ். மனோகர். அவர் நாமக்கல்லில் பிறந்தவர். நாமக்கல் கோட்டை மலையடியில் குடிகொண்டிருக்கிற சாமியின் பெயரைத்தான் வீட்டில் வைத்தார்கள்: லட்சுமி நரசிம்மன். முதலெழுத்தில் இருக்கிற 'ஆர்' ராசிபுரம். 'மனோகரா' நாடகத்தில் நடித்ததால் மனோகர் ஆனார். 'இலங்கேஸ்வரன்' நாடகத்தில் ராவணனாக மேடையேறி ஊரெல்லாம் பேசவைத்தவர். அந்த மேடைக் குரலை அப்படியே சினிமாவுக்குக் கொண்டுவந்தார். ஜெய்சங்கரின் சண்டைகள் எடுபட்டதற்குப் பாதிக் காரணம் எதிரில் நின்ற மனோகர் என்பது என் தீர்மானமான கருத்து. நாயகன் மெலிந்த உடம்புக்காரர், பேச்சும் மெல்லிசு. எதிரில் அவ்வளவு கனமான ஒருவர் நிற்கும்போதுதான் அந்த மெலிந்த உடம்பின் வேகம் கண்ணுக்குத் தெரியும். வேலூர்க் கொட்டகையில் மனோகருக்கும் கை தட்டுவார்கள். 'நம்மூர்க்காரரு' என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

'சி.ஐ.டி. சங்கர்' நாயகிக்கு அந்தப் படம் பெயரையே மாற்றிவிட்டது. ஏ. சகுந்தலா அதற்குப் பிறகு வாழ்நாள் முழுவதும் 'சி.ஐ.டி. சகுந்தலா'. அவரும் சேலத்துப் பெண், அரிசிப்பாளையம். 2024 செப்டம்பரில் காலமானபோது செய்தித்தாள்கள் எல்லாம் அந்த மூன்றெழுத்தோடுதான் அவர் பெயரை அச்சிட்டன. ஆக, தயாரித்தவர்கள் திருச்செங்கோட்டுக் குடும்பம், வில்லன் நாமக்கல், நாயகி சேலம். வெளியூரிலிருந்து வந்து சேர்ந்தவர் ஜெய்சங்கர் மட்டும்தான்.

அந்த ஆண்டுகளில் தென்னாடு முழுக்க உளவாளிகள் உலவினார்கள். தெலுங்கில் கிருஷ்ணா நடித்த 'கூடசாரி 116' 1966-இல் வந்தது. அதுவே இந்திக்குப் போய் 1967-இல் ஜிதேந்திராவின் 'ஃபர்ஸ்' ஆனது. கன்னடத்தில் ராஜ்குமார் 1968-இல் 'ஜேடர பலெ'யில் சி.ஐ.டி. 999 ஆனார். இவர்கள் எல்லோருக்கும் சமகாலத்தவர், சிலருக்கு முன்னவர் நம் சேலத்து உளவாளி.

அந்தப் படங்களை நாங்கள் பார்த்த விதத்தையும் சொல்ல வேண்டும். வேலூருக்குப் புதுப்படம் உடனே வந்துவிடாது. விநியோகக் கணக்கில் தமிழ்நாட்டைப் பல ஏரியாவாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். காவிரிப் பாலத்துக்கு இந்தக் கரை சேலம் ஏரியா. பாலத்தைத் தாண்டினால் கரூர்ப் பக்கம், திருச்சி ஏரியா. சேலம் டவுனில் ஓடி முடித்து, நாமக்கல், திருச்செங்கோடு என்று சுற்றி, பிரிண்ட்டில் மழை பெய்யத் தொடங்கிய பிறகுதான் படப்பெட்டி பஸ் மேல் ஏறி எங்கள் டூரிங் கொட்டகைக்கு வரும். தரை, பெஞ்சு, சேர் என்று மூன்று வகுப்பு. ஒற்றை மிஷின் என்பதால் ரீல் மாற்றும் ஒவ்வொரு முறையும் விளக்குப் போடுவார்கள். சண்டையின் நடுவில் ரீல் முடிந்துவிட்டால் அவ்வளவுதான், விளக்கு அணைகிறவரை கூச்சல் நிற்காது. கரும்பு வெட்டிவிட்டு வந்தவர்கள், வாழைத்தார் ஏற்றிவிட்டு வந்தவர்கள், லாரிப் பட்டறைப் பையன்கள். நாள் முழுக்க உடம்பால் உழைத்தவர்கள் ராத்திரி மணலில் உட்கார்ந்து, ஒருவன் உடம்பை வைத்து நியாயம் கேட்பதைப் பார்த்தார்கள்.

எங்கள் அப்புச்சி எம்.ஜி.ஆர். படத்துக்குக் குளித்து, வேட்டி மாற்றிக்கொண்டுதான் போவார். ஜெய்சங்கர் படத்துக்குக் கொடிக்காலிலிருந்து அப்படியே, தோளில் துண்டோடு. சின்ன வயதில் எனக்கு அதன் அர்த்தம் புரியவில்லை. எம்.ஜி.ஆர். ஒரு திருநாள். பின்னால் கட்சி இருந்தது, கொடி இருந்தது, ஒரு பெரிய நம்பிக்கை இருந்தது. ஜெய்சங்கர் பின்னால் எதுவும் இல்லை. அவர் வாரக் கடைசி. உழைத்து முடித்தவனுக்குக் கிடைக்கிற இரண்டரை மணி நேரம்.

'வெள்ளிக்கிழமை ஹீரோ' என்று அவருக்கு வந்த பெயரை இந்த இடத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் இவர் படம் வந்துகொண்டே இருக்கிறது என்று பத்திரிகைகள் கேலியும் வியப்பும் கலந்து சூட்டிய பெயர் அது. 1968-ஐ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: 'ஜீவனாம்சம்', 'நீலகிரி எக்ஸ்பிரஸ்', 'பொம்மலாட்டம்', 'முத்துச்சிப்பி' என்று பட்டியல் நீள்கிறது. ஒன்று குடும்பக் கதை, ஒன்று ரயில் கொலை மர்மம், ஒன்று சிரிப்பு. இத்தனையும் நல்ல படங்களா என்றால் இல்லை. அவசரத்தில் எடுத்த படங்களும், கதையே இல்லாத படங்களும் அவர் கணக்கில் நிறைய உண்டு. அவருடைய ரசிகனாக இதைச் சொல்ல எனக்குத் தயக்கம் கிடையாது.

ஆனால் அந்த எண்ணிக்கைக்குப் பின்னால் என்ன இருந்தது? எம்.ஜி.ஆரோ சிவாஜியோ கிடைக்காத சின்னத் தயாரிப்பாளர்களுக்குக் கிடைத்த நாயகன் அவர். கால்ஷீட் தாமதமில்லாமல் கிடைக்கும், பட்ஜெட்டுக்குள் படம் முடியும். பெரிய படங்கள் வருஷத்துக்குச் சிலதான். மற்ற வாரங்களில் கொட்டகை நடத்துகிறவர் எதைத் திரையிடுவார்? மிஷின் ஓட்டுகிறவரும், டிக்கெட் கிழிக்கிறவரும், முறுக்கு விற்கிற பையனும் அந்த வாரங்களில் என்ன செய்வார்கள்? பரமத்தி வேலூர் போன்ற நூற்றுக்கணக்கான சிற்றூர்களின் கொட்டகைகளை வாரா வாரம் திறந்து வைத்திருந்தவர்களில் முதல் பெயராக ஜெய்சங்கரைத்தான் சொல்வேன். 'மக்கள் கலைஞர்' என்ற பட்டம் அவருக்குப் பொருந்தியது அந்த வகையில்தான்.

எழுபதுகளில் அவர் குதிரையேறினார். அமெரிக்க கௌபாய்ப் படங்களும் 'மெக்கன்னாஸ் கோல்டு'ம் இங்கே பெருங்கூட்டத்தை இழுத்த காலம். ஒளிப்பதிவாளராக இருந்து இயக்குநரான கர்ணன், அந்தப் பாணியைத் தமிழ் மண்ணுக்குக் கொண்டுவந்தார். 1970-இல் 'காலம் வெல்லும்', 1972-இல் 'கங்கா', 'ஜக்கம்மா'. தொப்பி, துப்பாக்கி, புழுதி, துரத்தல். கர்ணனின் கேமரா குதிரையோடு சேர்ந்து ஓடும். படம் முடிந்து வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் நாங்கள் தொடையைத் தட்டிக்கொண்டு குதிரை ஓட்டினோம்.

அதே சமயம் அவரை வேறு மாதிரிப் பார்த்தவர் கே. பாலசந்தர். 'பூவா தலையா'வுக்குப் பிறகு 1971-இல் 'நூற்றுக்கு நூறு' எடுத்தார். மாணவிகளின் புகாருக்கு ஆளாகிற கணிதப் பேராசிரியர். துப்பாக்கிப் படம் இல்லை, சண்டைப் படமும் இல்லை. பழி சுமந்து நிற்கிற மனிதனின் முகம் மட்டும். அடிக்கிற நடிகரை அடிக்காமல் நிற்க வைத்தால் எவ்வளவு வலி தெரியும் என்பதை பாலசந்தர் கண்டுபிடித்தார். ஜெய்சங்கரின் நடிப்பில் எனக்கு மிகவும் பிடித்தது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். அவருடைய சிறந்த சண்டைப்படம் எது என்றால் 'வல்லவன் ஒருவன்'.

எழுபதுகளின் கடைசியில் ரஜினி, கமல் வந்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமைகள் கை மாறின. 1980 டிசம்பரில் ஏவி.எம்.மின் 'முரட்டுக்காளை' வெளியானது. எஸ்.பி. முத்துராமன் இயக்கம், ரஜினி நாயகன், ஜெய்சங்கர் வில்லன்! பதினைந்து வருஷம் வில்லன்களை அடித்த கை. அந்தக் கை இப்போது அடி வாங்க வேண்டும். கூட நடித்த மூத்த நாயகர்கள் பலர் அந்த இடத்தில் நின்றுவிட்டார்கள். இவர் தாண்டினார். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்த அன்று அப்புச்சி ராத்திரிச் சோறு சரியாகச் சாப்பிடவில்லை. "நம்ம சங்கரப் போயி அடிக்கறானே கண்ணு" என்று மட்டும் சொன்னார். நடிகர் ஏற்றுக்கொண்டதை ரசிகரால் ஏற்க முடியவில்லை.

பிற்பாடு பார்க்கும்போது அந்தத் துணிவுதான் அவருக்கு இன்னும் இருபது வருஷம் திரையில் இடம் கொடுத்தது என்று தெரிகிறது. 1986-இல் திரைப்படக் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து எடுத்த 'ஊமை விழிகள்' வந்தது. விஜயகாந்துக்குக் காவல்துறை அதிகாரி வேடம், ஜெய்சங்கருக்குப் பத்திரிகை ஆசிரியர் வேடம். மிரட்டலுக்கு அடங்காத அந்த ஆசிரியரை அவர் அவ்வளவு நிதானமாகச் செய்திருந்தார். துப்பறியும் நாயகனின் பழைய ரத்தம் அதில் ஓடியது. பத்திரிகைக்கு வர வேண்டும் என்று எனக்குத் தோன்ற வைத்த படங்களில் அது ஒன்று. 1989-இல் 'அபூர்வ சகோதரர்க'ளில் கமலுக்கு எதிரிகளில் ஒருவர், 1991-இல் மணிரத்னத்தின் 'தளபதி'யில் ஸ்ரீவித்யாவின் கணவர். சின்ன வேடங்கள்தான். எதையும் அவர் சின்னதாகச் செய்யவில்லை.

யாரைப் பார்த்தாலும் 'ஹாய்' என்று கை உயர்த்துகிற பழக்கம் அவருக்குக் கடைசிவரை இருந்தது. 2000 ஜூன் 3 அன்று காலமானார். 62-ஆவது பிறந்தநாளுக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. செய்தி வந்தபோது அப்புச்சி இல்லை. இருந்திருந்தால் அன்றும் சாப்பிட்டிருக்க மாட்டார்.

சேலம் போகும்போதெல்லாம் ஏற்காடு சாலைக்கு ஒரு நடை போய்விட்டு வருகிறேன். மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு மட்டும் நிற்கிறது. தளங்கள் இருந்த இடத்தில் வீடுகள். அந்த வளைவுக்குள் மனோகரும் ஜெய்சங்கரும் மோதிக்கொண்ட இடம் எந்த வீட்டின் கூடம், எந்த வீட்டின் வாசல் என்று இனி யாரும் சொல்ல முடியாது. வேலூரில் எங்கள் டூரிங் கொட்டகை இருந்த இடமும் தெரியவில்லை. வாழைத்தார் ஏலமும் வெற்றிலை ஏலமும் இன்றும் நடக்கின்றன, தப்பட்டை வண்டி வருவதில்லை.

எம்.ஜி.ஆருக்கும் சிவாஜிக்கும் நினைவிடங்கள் உண்டு, அவர்களைப் பற்றிய புத்தகங்கள் உண்டு. வெள்ளிக்கிழமை ஹீரோவின் பல படங்களுக்கு நல்ல பிரதிகூடக் கிடைப்பதில்லை. சேலம், நாமக்கல், திருச்செங்கோடு, ராசிபுரம், வேலூர்ப் பக்கத்து வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணிலோ டிரங்குப் பெட்டியிலோ மஞ்சள், ரோஸ் நோட்டீஸ்களும் ஓரணா இரண்டணாப் பாட்டுப் புத்தகங்களும் இருக்கக்கூடும். எந்தக் கொட்டகையில் எந்தத் தேதியில் என்ன படம் ஓடியது என்பதற்கு நம்மிடம் மிச்சமிருக்கிற ஆவணம் அதுதான். தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வீட்டில் எண்பது வயதுப் பெரியவர் இருந்தால் அருகில் உட்கார்ந்து, எந்தப் படத்தை எந்தக் கொட்டகையில் பார்த்தீர்கள் என்று கேட்டு, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இந்த வாரமே செய்யுங்கள்.